வெள்ளை ராணி குத்திய காயம்

அத்தியாயம் 7

"இதுலயும் இல்லம்மா."

துறைமுகத் தொழிலாளர் ஓய்வூதிய அலுவலகத்தின் குமாஸ்தா பன்னிரண்டாவது பதிவேட்டையும் மூடினார். பாவம், மனிதர் சாப்பாட்டு வேளையைக்கூட விட்டுவிட்டு இவர்களுக்காகப் புரட்டிக்கொண்டிருந்தார். மாலுமிகள், கப்பல் தச்சர்கள், சமையற்காரர்கள் என்று அறுபது வருஷத்துக்கு முந்தைய அத்தனை பேரும் அந்த ஏடுகளில் வரிசையாக இருந்தார்கள். நாலு வயது மகனைத் தொலைத்தவர் என்று ஒருவர்கூட இல்லை.

விலாசம் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வியாழன், பகல் இரண்டு மணி. நாளைக் காலை ஆறு மணிக்கு அறுவை சிகிச்சை. இன்னும் பதினாறே மணி நேரம்.

முப்பத்தொரு வருஷம் தபால் நிலையத்தில், முகவரி சரியில்லாத கடிதங்களை உரியவரிடம் சேர்க்கும் பிரிவில் இருந்தவர் அவர். 'பச்சைக் கதவு வீட்டுத் தங்கைக்கு' என்று மட்டும் எழுதிய கடிதத்தைக்கூடத் தங்கையின் கையில் சேர்த்தவர். ஓய்வு பெற்றபின் காணாமல் போன மனிதர்களைத் தேடித் தருகிறார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு ஊருக்கெல்லாம் அவர் 'விலாசம் அம்மா'.

கைபேசி அதிர்ந்தது. லிஃப்ட் மெக்கானிக்தான். மூன்று நாள் முன்னால் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து இவர் மேஜைமேல் வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதவன்.

"அம்மா... ஏதாவது?"

"தேடிக்கிட்டே இருக்கோம்ப்பா. அவ எப்படி இருக்கா?"

"டாக்டரம்மா திரும்பவும் வந்து சொல்லிட்டுப் போனாங்க. நஞ்சுக்கொடி கீழ இறங்கி வழியை அடைச்சிருக்காம். நாளைக்கு மேல தள்ள முடியாதாம். வயித்தைத் திறந்தா ரத்தம் ஏகமாப் போகுமாம். எங்கிருந்தோ ஒரு பாட்டில் வரவழைச்சிருக்காங்க. இன்னும் ஒண்ணாவது இல்லாம கத்தியைத் தொட பயமா இருக்குங்கறாங்க. தொடாம இருக்கவும் முடியாதாம்மா."

லட்சத்தில் ஒருவருக்குக்கூட அமையாத ரத்தம் அவன் மனைவிக்கு. அவள் அம்மா வழி உறவு முழுவதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. இறந்துபோன அவள் அப்பாவுக்கு மட்டும் அதே வகை ரத்தம் இருந்ததாம். ஆகவே அப்பாவின் உடன்பிறப்புகளைத் தேட வேண்டும். ஆனால் அந்த அப்பா அநாதை விடுதியில் வளர்ந்தவர். விடுதியை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. நாலு வயதில் அவர் அங்கே வந்து சேர்ந்தபோது பெயருக்கு ஒரு சட்டையும், நெஞ்சோடு அணைத்தபடி ஒரு சதுரங்கப் பெட்டியும்தான் இருந்தன. அந்தப் பெட்டிதான் மகளுக்கு வந்த சீதனம். அது ஒன்றுதான் தடயம்.

மூடினால் பெட்டி, விரித்தால் பலகை. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை; ஒவ்வொரு காயின் அடியிலும் துளையில் பொருந்தும் முளை. பழம்பொருள் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "கப்பல் சதுரங்கம்! அலை ஆடினாலும் காய் ஆடாது பாருங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டார். சில காய்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த ஊசி எதற்கு என்றால், "மகுடம்." கட்டங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றனவே என்றால், "உப்புக் காத்துல மரம் ஊதிப்போச்சு." விலாசம் அம்மாவும் நம்பினார். ஒரு மாலுமியின் குடும்பத்தைத் தேடி இரண்டரை நாளைத் தொலைத்தார். இரண்டரை நாள்! கடவுளே, வேறொருத்தியின் உயிரை எடுத்து நான் தாராளமாகச் செலவு செய்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"கப்பல் கப்பலா ஏறி இறங்கினதுல எனக்கு இப்ப தரையில நின்னாலே தள்ளாடுதும்மா," என்றான் விசில்.

இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன், இப்போது விலாசம் அம்மாவுக்கு உதவியாள். நாக்கை மடித்து அவன் விசில் அடித்தால் அடுத்த தெரு பஸ்ஸும் நிற்கும். வாய்தான் நிற்காது.

"கொஞ்சம் வாயை மூடு, விசிலு."

"மூடிட்டேன். ஆனா அந்தக் கடைக்காரன் மட்டும் கைல கிடைச்சான்னா..."

சட்டென்று விளக்கு அணைந்தது. ஜன்னலே இல்லாத பதிவேட்டு அறை. கும்மிருட்டு.

"மின்சாரம் போயிடுச்சு, அசையாம இருங்க," என்றார் குமாஸ்தா.

அசையாதே என்றால் விசிலுக்குக் கால் நிற்காதே. காய்களோடு பெட்டியை விரித்து வைத்திருந்த மேஜையைத் தடவிக்கொண்டு எழப் பார்த்தான்.

"ஐயோ! அம்மா! ஏதோ கடிச்சிருச்சு!"

குமாஸ்தா பதறிக் கைபேசி விளக்கைப் போட்டார். விசிலின் உள்ளங்கையில் ஒரு சதுரங்கக் காய் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை ராணி. தலையூசி தசைக்குள் இறங்கியிருந்தது. பிடுங்கினான். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"பஸ்ல எத்தனையோ ராணிங்க என்னை முறைச்சிருக்காங்க. கடிச்சவ இவ ஒருத்திதான்!"

விலாசம் அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, அந்த வெளிச்சத்தை அணைங்க."

"அம்மா?"

"அணைங்களேன்."

இருட்டில் அவர் விரல்கள் பலகைமேல் ஊர்ந்தன. ஒரு கட்டம் மேடு. அடுத்தது பள்ளம். மேடு, பள்ளம், மேடு. உப்புக் காற்று இத்தனை ஒழுங்காக ஒன்று விட்டு ஒன்றா ஊத வைக்கும்? காய்களைத் தொட்டார். பாதிக்குத் தலையில் முள். பாதிக்கு மொட்டை.

"விசிலு, முதல் நாள் ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு தன் அப்பாவைப் பத்திச் சொன்னதை நோட்டுல எழுதினோமே, நினைவிருக்கா?"

"'எங்கப்பா காயைப் பார்க்காமலே விளையாடி ஜெயிப்பாரு'ன்னு அவரு சின்ன வயசு ஞாபகமாச் சொல்லுவாராம். நாலு வயசுப் பையன் பீத்திக்கிட்டதுன்னு நீங்கதான் அடிச்சுட்டீங்க."

"அடிச்சது என் தப்பு. அந்தக் குழந்தை உள்ளதைத்தான் சொல்லியிருக்கு." விலாசம் அம்மா ஒரு காயைத் தடவித் துளையில் செருகினார். "எது எந்தப் பக்கத்துக் காய்னு கண்ணே சொல்லிடுதே, அதைக் கைக்கு எதுக்குத் தனியாச் சொல்லணும்? கண்ணு சொல்லாதவங்களுக்காகத்தான். இது கப்பல்காரன் பெட்டி இல்ல. பார்வை இல்லாதவர் பெட்டி. தடவிப் பார்க்கறப்ப காய் சாயக் கூடாதுன்னுதான் துளை."

இருட்டுக்குள் குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். "ரயில் கேட்டுக்குப் பக்கத்துல பார்வை இல்லாதவங்க நடத்தற பட்டறை ஒண்ணு இருக்கும்மா. நாற்காலி பின்னுவாங்க, மரவேலையும் உண்டு. இப்ப நீங்க உட்கார்ந்திருக்கறதே அவங்க பின்னினதுதான்."

"பார்த்தீங்களாம்மா," என்றான் விசில். "ரெண்டு நாளா பதிலுமேலயே உட்கார்ந்திருந்திருக்கோம்."

*

பட்டறையில் விளக்கு எதுவும் எரியவில்லை. தேவையும் இல்லை. நீண்ட கூடத்தின் சுவரோரமாகப் பிடித்து நடக்க ஒரு கயிறு கட்டியிருந்தது. வாளித் தண்ணீரில் பிரம்பு ஊறிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் தலை நிமிராமல் நாற்காலி பின்னிக்கொண்டிருக்க, பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண்குரல் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது.

விசில் ஒரு வாளியை உதைத்து உருட்டினான்.

"யாரது, விளையாட்டுச் செய்தி படிக்கறப்ப வாளியை உருட்டறது?" என்று அந்தக் குரல் அதட்டியது. கூடம் சிரித்தது.

மேஸ்திரி கயிற்றைப் பிடித்தபடி வந்தார். எழுபதை ஒட்டிய வயது. பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். விலாசம் அம்மா சுருக்கமாக விஷயத்தைச் சொல்லிப் பெட்டியை அவர் கையில் வைத்தார். பத்து விரலும் அதன்மேல் ஓடின. மூலையைத் தடவினார். ஒரு முள்ளை நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டார்.

"கிராமபோன் ஊசி," என்றார் மலர்ந்து. "வேற யாரும் இதை வைக்க மாட்டாங்க. இது நம்ம பட்டறைப் பெட்டிதாம்மா!"

விலாசம் அம்மாவுக்கு மூச்சு வந்தது. "யாருக்காகச் செஞ்சதுன்னு தெரியுமா? அந்தக் குடும்பம்..."

"குடும்பமா?" மேஸ்திரியின் முகம் மெல்ல மாறியது. "அம்மா, எங்க பெரிய மேஸ்திரி இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு பெட்டி செய்வாரு. ஒவ்வொரு வருஷமும் ஒரு அநாதை விடுதிக்கு இலவசமா அனுப்புவாரு. நாற்பத்தோரு பெட்டி போயிருக்கு. அடியில ஒரு சீட்டு ஒட்டுவோம், 'முள் விழுந்தால் இந்த முகவரிக்குக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம்'னு. இதுல உதிர்ந்து போயிருக்கும். உங்க ஆளு விடுதியில வளர்ந்தவர்னு சொல்றீங்க. அப்படி வந்த பெட்டியில ஒண்ணுதான் இது."

"அவர் இதைக் கையோட கொண்டு வந்தாருன்னுதான்..."

"நாலு வயசுக் குழந்தைக்கு என்னம்மா தெரியும்? விடுதியில கிடைச்சதை வீட்டுலேர்ந்து கொண்டுவந்ததுன்னு நினைச்சிருக்கலாம்."

விலாசம் அம்மா பக்கத்தில் இருந்த அரைகுறை நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாத பகுதி வழியே விழுந்துவிடுவோம் என்பதுகூட உறைக்கவில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் யாரோ ஒரு பிள்ளைக்கு அன்பாய்க் கொடுத்த பொருள். அவ்வளவுதான். பெட்டிக்குப் பின்னால் அப்பா இல்லை, அம்மா இல்லை, வீடு இல்லை. மூன்று நாள் துரத்தியது வெறும் மரம்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது.

"அம்மா, டாக்டரம்மா கையெழுத்துக் கேக்கறாங்க. எது நடந்தாலும் சம்மதம்னு." மெக்கானிக்கின் குரலில் அழுகைகூட வற்றியிருந்தது. "அவகிட்ட என்ன சொல்லட்டும்? 'விலாசம் அம்மா கண்டுபிடிச்சிருவாங்க'ன்னு நர்ஸுங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காம்மா அவ."

விலாசம் அம்மா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தெய்வமே, என் புத்தி தீர்ந்துபோச்சு. இனி நீதான். கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

விசில் தான் உருட்டிய வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. "வந்தவங்க வெறும் வயித்தோட போகக் கூடாது," என்று தானே போய்க் கண்ணாடிக் குவளைகளில் டீ ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினார். விசில் வாங்கினான். சூடு காயத்தில் பட்டது.

"ஸ்ஸ்ஸ்!"

"என்ன தம்பி, கையில அடியா?"

"உங்க ராணி போட்ட முத்திரை மேஸ்திரி. உள்ளங்கையில குத்திட்டா."

"கறுப்பு ராணி பொல்லாதவதான்," மேஸ்திரி சிரித்தார். "எங்களையும் குத்துவா."

"கறுப்பு இல்லீங்க, வெள்ளை ராணி."

"கறுப்புதான் தம்பி."

"இல்லீங்க. வெள்ளை."

"வெள்ளைக்கு முள்ளே கிடையாதே! முள்ளு கறுப்புக்குத்தான். எங்க செஞ்சாலும் அதுதான் முறை."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் மேஸ்திரி. பெட்டியில முள்ளு வச்சது அத்தனையும் வெள்ளை. இப்ப நீங்களே தொட்டுப் பார்த்தீங்களே?"

"முள்ளைத் தொட்டேன்," என்றார் மேஸ்திரி மெதுவாக. "நிறத்தை எப்படித் தம்பி தொடறது?"

விலாசம் அம்மா எழுந்துவிட்டார். "மேஸ்திரி, உங்க பட்டறையில இப்படித் தப்பா ஒரு பெட்டி வெளியே போயிருக்குமா?"

"போகாதும்மா. மரத்தைக் கண்ணு தெரிஞ்ச ஒருத்தர்தான் கறுப்பு வேற வெள்ளை வேறன்னு பிரிச்சுக் கொடுப்பாங்க. முடிஞ்சதும் பார்த்துச் சொல்லுவாங்க. அப்புறம்தான் சீட்டு. நாற்பத்தொண்ணும் அப்படித்தான் போச்சு."

"அப்ப இது அந்த நாற்பத்தொண்ணுல ஒண்ணு இல்ல. அதே கை, அதே ஊசி. ஆனா பக்கத்துல பார்த்துச் சொல்ல ஆளே இல்லாத ஒரு நாள்ல, தனியாச் செஞ்சது."

பக்கத்து அறையில் செய்தி வாசிக்கும் குரல் எப்போதோ நின்றுபோயிருந்தது. வாசலில் ஒரு பெண்மணி நின்றாள். அறுபதை நெருங்கும் வயது. மூக்குக்கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. கையிலிருந்த செய்தித்தாள் தாள் தாளாக நழுவிக்கொண்டிருந்தது.

"எந்த ராணி குத்துச்சுன்னு சொன்னீங்க?"

"வெள்ளைங்க," என்றான் விசில்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பரக்கா!" மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினார். "அம்மா, இவங்க பெரிய மேஸ்திரி மகள். அப்பா போனப்புறமும் தினம் வந்து எங்களுக்குப் பேப்பர் படிக்கறவங்க."

பேப்பரக்கா பெட்டியருகே வந்தாள். தொடவில்லை, பார்த்தாள்.

"அம்மாதான் அப்பாவுக்கு மரம் பிரிச்சுக் கொடுப்பாங்க. நான் பிறந்த அன்னிக்கு அம்மா போயிட்டாங்க. அதுக்கப்புறம் அண்ணனுக்காக அப்பா வீட்டுல தனியா உட்கார்ந்து ஒரு பெட்டி செஞ்சாரு. முடிச்சுக் கொடுத்தப்ப, 'அப்பா, நீ வெள்ளைக்கு முள்ளு வச்சுட்டே!'ன்னு அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சானாம். அம்மா போனப்புறம் அந்த வீட்டுல கேட்ட முதல் சிரிப்பு அதுதானாம். அதனால அப்பா அதைத் திருத்தவே இல்ல."

"அண்ணன் எப்படி..."

"தாய்மாமன் வந்து, 'கண்ணு தெரியாத நீ எப்படி ரெண்டு பிள்ளையை வளர்ப்பே? பையனை நான் படிக்க வைக்கறேன்'னு கூட்டிட்டுப் போனாரு. என்னைச் சித்தி வச்சுக்கிட்டாங்க. மாமா திரும்பி வந்தப்ப தனியா வந்தாரு. எந்த விடுதியில விட்டாருன்னு சாகறவரைக்கும் சொல்லல. சொன்னா அப்பா போய்க் கூட்டிட்டு வந்துருவாருன்னு பயம். நல்லது செய்யறதா நினைச்சுத்தான் செஞ்சாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்பா எல்லா விடுதிக்கும் பெட்டி அனுப்பினது அவனைத் தேடித்தான். சீட்டைப் பார்த்து அவனும் தன் பெட்டியைத் தூக்கிட்டு வருவான்னு. முள்ளு மாத்த எத்தனையோ பிள்ளைங்க வந்தாங்க. அப்பா என்னைக் கூப்பிட்டு, 'எந்தக் காய்க்கும்மா முள்ளு?'ன்னு கேப்பாரு. கறுப்புன்னு சொன்னதும் பேசாம முள்ளை வச்சுக் கொடுத்து அனுப்பிடுவாரு."

"எதுக்குக் கேக்கறாருன்னு எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியுது," என்றார் மேஸ்திரி.

பேப்பரக்கா நிமிர்ந்தாள். "அண்ணன் எங்கே?"

சேர்க்க முடியாத கடிதங்களைவிடச் சேர்த்தாக வேண்டிய சில கடிதங்கள் கனமானவை. விலாசம் அம்மா அவள் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"உங்க அண்ணன் இல்லம்மா. போய் ஒன்பது வருஷமாச்சு. ஆனா உங்களுக்கு ஒரு மருமக இருக்கா. அண்ணன் பொண்ணு. நிறைமாசம். நாளைக்குக் காலையில..."

மிச்சத்தைக் கேட்கக் கேட்க அந்த முகத்தில் ஒரு துக்கமும் ஒரு பயமும் ஒன்றையொன்று முந்தின.

"எங்கம்மாவும் அப்படித்தான் போனாங்க. அந்த ரத்தம் கிடைக்காமதான். அதனாலயே எனக்கு ஊசின்னா உயிர் போயிடும். இந்த வயசு வரைக்கும் ஒரு சோதனை பண்ணிக்கிட்டதில்ல. எனக்கு என்ன ரத்தம்னு எனக்கே தெரியாது." கீழே கிடந்த செருப்பை இழுத்து மாட்டினாள். "ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

விசில் ஏற்கெனவே தெருவில் நின்றான். நாக்கை மடித்தான். ரயில் கேட்டைத் தாண்டிப்போன பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

*

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மெக்கானிக். யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. காலையிலிருந்து அது மக்கர் செய்தது. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவனாகவே இறங்கியிருந்தான். காலடிச் சத்தத்தில் திரும்பினான். விலாசம் அம்மாவோடு முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. தன் மனைவியின் அதே நெற்றி, அதே புருவம்.

"யாருண்ணே இவங்க?"

"அத்தை," என்றான் விசில்.

ஸ்க்ரூ டிரைவர் அவன் கையிலிருந்து நழுவிப் பள்ளத்துக்குள் விழுந்து, வெகுநேரம் கழித்துச் சத்தம் கேட்டது.

ரத்த வங்கியில் பரிசோதகர் பேப்பரக்காவின் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வந்தார். அவள் கை நரம்பிலிருந்து ஒரு சிறு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டு மறுபடி போனார். கடைசியாக அவர் வெளியே வந்தபோது விலாசம் அம்மா பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார்.

"நம்பாம மூணு தடவை பார்த்தேன்," என்றார் பரிசோதகர். "இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் பேப்பரக்கா.

மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். விலாசம் அம்மா அவன் தலையில் கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நன்றி சொன்னார். அதில் ஒரு டீக் குவளைக்கும், வாயாடி ஒருவனின் வாய்க்கும்கூடப் பங்கு இருந்தது.

படுக்கையில் சாய்ந்ததும் பேப்பரக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "அந்தப் பெட்டியிலேர்ந்து வெள்ளை ராணியைக் கொஞ்சம் கொடுங்க." விசில் எடுத்துக் கொடுத்தான். அதை இன்னொரு கைக்குள் வைத்து இறுக்கினாள். "நான் தயார். சொல்லிட்டுக் குத்துங்க."

மாடிக்குப் போகும் லிஃப்ட் எங்கோ ஒரு தடவை முனகி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. வாசலில் நின்ற மெக்கானிக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். மற்ற சோதனைகளெல்லாம் முடிந்ததும் இந்தப் பாட்டில் அதில்தான் மேலே போகும். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"முடிஞ்சுதும்மா," என்றார் பரிசோதகர். "கையைத் திறங்க."

பேப்பரக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "எப்பக் குத்தினீங்க?"

"கால் மணி நேரமாச்சு."

அவள் தன் முஷ்டியை விரித்தாள். உள்ளங்கையின் நடுவில் ஒரு சொட்டு ரத்தம். விசில் தன் கையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் விரித்துக் காட்டினான். அதே இடம், அதே அளவு.

"உங்கப்பா ஊசிதாம்மா ஊசி," என்றான். "இவங்களுதெல்லாம் கொசுக்கடி."